பகையின்றிப் பிரிதல்

இருவர் மனமொத்துச் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றினை, அவ்விருவருமே மனமொத்துக் கலைத்துக்கொள்ள விரும்பின், அதனைத் தடுக்க மூன்றாமவருக்கு உரிமையுண்டா? காணிக் குத்தகை என்றால், கூட்டு வியாபாரம் என்றால், விடை கூற எவரும் தயங்கமாட்டார். விவாகம் என்று வந்ததும் நா தடுமாறுகின்றது. 'விவாகமும் வெறும் உடன்படிக்கைதானா?' என்ற மறுகேள்வி எழுகின்றது. அம்மறுகேள்வி நியாயமானதே. விவாகத்திலே பிள்ளைகள் பிறக்கின்றனர். பல்லாண்டுக்கால உழைப்பு, குறிப்பாகக் கூலியில்லாத பெண்ணுழைப்பு, அதனுள்ளே புதைந்து கிடக்கின்றது. ஆகவே சமுதாயத்திற்கு அதில் அக்கறை உண்டு. ஆனால் அவ்வக்கறை எதைப்பற்றியதாக இருத்தல் வேண்டும்? பிரியும் இருவரின் நெஞ்சைப் பற்றியதா, அவர்தம் அடுக்களையைப் பற்றியதா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் வினாவாகும்.

இவ்வினாவோடு நெடுங்காலம் மல்லாடி, அண்மையில் ஒரு விடையைக் கண்ட நாடு இங்கிலாந்து. 2022 ஏப்பிரில் 6ஆம் திகதி முதல் அங்கும் வேல்ஸிலும், கணவனும் மனைவியும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மனுவில் விவாகரத்துக் கோரலாம். விவாகம் மீட்க முடியாதவாறு முறிந்துவிட்டது என்று அவர்கள் கூறினாற் போதும், காரணம் காட்டவேண்டியதில்லை, குற்றவாளி யார் என்று எவரும் கேட்பதில்லை. மணமாகி ஓராண்டு கழிந்திருத்தல் வேண்டும். மனுவை நீதிமன்றம் பதிந்த நாளிலிருந்து 20 வாரங்கள் சென்றபின் நிபந்தனைக் கட்டளையைக் கோரலாம். அது கிடைத்து மேலும் 6 வாரங்கள் சென்றபின் இறுதிக் கட்டளையைப் பெறலாம். நீதிமன்றக் கட்டணம் 600 பவுணை ஒட்டியது. வருமானம் குறைந்தோர் அதிலிருந்து விலக்குக் கேட்கலாம். 'சொலிசிற்றர்' எனப்படும் வழக்கறிஞரை அமர்த்தாமலே, வீட்டு மேசையிலிருந்து கணினி வழியாக இவ்வளவையும் செய்து முடிக்கலாம்.

இத்துணை எளிய காரியத்தை அடைய அந்நாட்டுக்கு ஏறத்தாழ 165 ஆண்டுகள் பிடித்தன. அந்த நெடும்பயணத்தின் கதை, ஒழுக்கத்தின் பெயரால் ஒரு சமுதாயம் தன்னையே ஏமாற்றிக்கொண்ட கதையாகும். அதனைச் சுருக்கமாகவேனும் அறிதல் நமக்குப் பயன்தரும்.

1857ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்திலே மறுமணம் செய்யும் உரிமையோடு விவாகத்தை நீக்க வேண்டுமாயின், நாடாளுமன்றம் அவருக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றவேண்டும். திருச்சபை நீதிமன்றம் ஒன்று, பொது நீதிமன்றம் ஒன்று, அதன்மேல் நாடாளுமன்றம் என மூன்று வாயில்களிலும் பணம் கொட்டவேண்டும். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில் இயற்றப்பட்ட இத்தகைய சட்டங்கள் முந்நூறுக்குச் சற்று மேற்பட்டவையே. அவற்றுட் பெண்கள் பெற்றவை 4. பிரபுக்களுக்கும் செல்வருக்கும் திறந்த கதவு, கூலிக்காரனுக்கு மூடிய சுவராக இருந்தது. 1845இல் வோறிக் நகரில், மனைவி விட்டுச் சென்றபின் இன்னொருத்தியை மணந்த ஏழைத் தொழிலாளி ஒருவன், இருதார மணக் குற்றத்திற்காக நிறுத்தப்பட்டான். நீதிபதி மோல் அவனை நோக்கி, அவன் மேற்கொண்டிருக்க வேண்டிய வழக்குகளையும், அவற்றுக்குச் செலவிட்டிருக்க வேண்டிய நூற்றுக்கணக்கான பவுண்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். தன் வாழ்நாளில் அத்தொகையை ஒருங்கே கண்டறியாதவனிடம் அதனை எடுத்துரைத்தமை, அவனைப் பழித்தற்கன்று. சட்டத்தை நாணச் செய்தற்கு. அந்தக் குத்தலுரை பின்னர் சீர்திருத்தவாதிகளின் ஆயுதமாயிற்று.

1857இன் சட்டம் விவாகரத்தை நாடாளுமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்குக் கொணர்ந்தது. ஆனால் தன் வர்க்கப் பார்வையோடு ஆண்வர்க்கப் பார்வையையும் உடன் கொணர்ந்தது. மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றே கணவனுக்குப் போதிய காரணம். மனைவிக்கோ, கணவனது அத்தகைய உறவோடு கொடுமை, கைவிடல் முதலிய வேறொரு குற்றத்தையும் சேர்த்து நிறுவுதல் வேண்டும். இந்த ஓரவஞ்சனை நீங்க 1923 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. கொடுமையும், கைவிடலும், தீராச் சித்தப்பிரமையும் தனிக் காரணங்களாக ஏற்கப்பட்டது 1937இலேயே.

இவ்விடத்தில் நாம் சிறப்பாக மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இச்சட்டங்கள் யாவற்றிலும், இருவரும் இணங்கிப் பிரிய விரும்புதல் விவாகரத்துக்கு உதவவில்லை என்பது மட்டுமன்று. அது விவாகரத்துக்குத் தடையாகவே இருந்தது. இருவரும் பேசி ஒழுங்குசெய்து வழக்கைக் கொண்டுவந்தனர் என்று தெரியவந்தால், அது 'கூட்டுச் சூழ்ச்சி'. மனு தள்ளப்படும். இத்தகைய சூழ்ச்சிகளை மோப்பம் பிடிப்பதற்காகவே 1860 முதல் முடிக்குரிய பிறக்கிராசி ஒருவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. பகைத்துக்கொண்டு வந்தவனுக்கு விடுதலை. நட்போடு வந்தவனுக்கு விலங்கு. ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்ட சட்டம், மனிதர் தம்முட் காட்டும் கண்ணியத்தைக் குற்றமாக்கிய விந்தை இது.

விளைவு யாது? மக்கள் பொய்யைக் கற்றுக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரிய விரும்பிய நடுத்தர வர்க்கக் கணவன், கூலிக்கு அமர்த்திய பெண்ணொருத்தியோடு பிறைற்றன் போன்ற கடற்கரைப் பட்டினத்து விடுதியொன்றில் இரவைக் கழிப்பான். பெரும்பாலும் சீட்டாடியே அவ்விரவு கழியும். விடியற்காலையில் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண், இருவரையும் ஒரே அறையிற் கண்டதாகப் பின்னர் சாட்சி சொல்வாள். எவரும் எப்பாவமும் செய்யவில்லை. ஆனாற் பாவம் செய்ததாக நீதிமன்றம் எழுதிக்கொள்ளும். ஏ. பி. ஹேர்பேட் என்ற எழுத்தாளர் 1934இல் இந்தக் கேலிக்கூத்தை ஒரு நாவலாக்கினார். மறு ஆண்டே நாடாளுமன்றம் சென்று, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். எனினும் கூட்டுச் சூழ்ச்சி என்ற தடை அப்போதும் நீங்கவில்லை. 1963இல் அது தளர்த்தப்பட்டது. 1969இல் இயற்றப்பட்டு 1971இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தினாலேயே அது ஒழிந்தது.

இப்பொய்க்கும் ஒரு விலை இருந்தது என்பதை மறத்தலாகாது. விடுதிக்கும், கூலிப் பெண்ணுக்கும், துப்பறிவாளனுக்கும், வழக்கறிஞருக்கும் கொடுக்கப் பணமுள்ளவனே இப்பொய்யைச் சொல்ல முடிந்தது. வசதியுள்ளோர் பொய் சொல்லி மறுமணம் செய்தனர். வசதியற்றோர் பொய் சொல்லவும் வழியின்றி, ஒன்றில் நரகத்தில் வாழ்ந்தனர், அல்லது சட்டத்துக்குப் புறம்பான குடும்பங்களை அமைத்துக்கொண்டனர். அக்குடும்பங்களிற் பிறந்த குழந்தைகள் மீது 'முறையற்ற பிள்ளை' என்ற வடு சுமத்தப்பட்டது. உயர்ந்த கட்டணம் விவாகத்தின் புனிதத்தைக் காத்தது என்போர், இந்தக் குழந்தைகளையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

1969இன் சட்டம், விவாகம் மீளாதவாறு முறிதல் ஒன்றே காரணம் என்று அறிவித்தது. கொள்கையளவில் அது பெரும் முன்னேற்றம். ஆனால் அம்முறிவை நிறுவ, பிறருறவு, சகிக்கவொண்ணா நடத்தை, ஈராண்டுக் கைவிடல், இருவர் சம்மதத்தோடு ஈராண்டுப் பிரிவு, சம்மதமின்றி ஐந்தாண்டுப் பிரிவு என ஐந்தில் ஒன்றைக் காட்டவேண்டியிருந்தது. நட்போடு பிரிவோர் இரண்டு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்; பழிசுமத்துவோர் விரைவிற் பிரியலாம். ஆகவே காத்திருக்க இயலாதோர், தாம் மதித்த துணைவரைப்பற்றியே குற்றப் பட்டியல் எழுதினர். 1977 முதல் எதிர்ப்பில்லா வழக்குகள் யாவும் நேர்விசாரணையின்றிக் காகிதத்திலேயே முடிக்கப்பட்டன. எனினும் காகிதத்தில் வசை இருந்தே ஆகவேண்டும். 2018இல் இங்கிலாந்தின் வழக்கொன்றில், பல பத்தாண்டு மணவாழ்வின்பின் பிரிய விரும்பிய முதிய பெண்மணி ஒருவருக்கு, கணவனது நடத்தை போதிய அளவு கெட்டதாக நிறுவப்படவில்லை என்ற அடிப்படையில் உச்ச நீதிமன்றம் விவாகரத்தை மறுக்க நேர்ந்தது. நீதியரசர்களே அம்முடிபினால் மனநிறைவு கொள்ளவில்லை. சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்றனர். 2020இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அதன் பின்விளைவு.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். 'விவாகரத்து மலிந்தால் விவாகம் மதிப்பிழக்கும்' என்பது முதலாவது. இவ்வாதத்தின் உள்ளே மறைந்திருப்பது, மனிதரைப்பற்றிய தாழ்ந்த எண்ணம். கதவு பூட்டியிருப்பதனாலேதான் கணவனும் மனைவியும் வீட்டுக்குள் இருக்கின்றனர் என்று அது கருதுகின்றது. பூட்டினால் நிலைக்கும் உறவை அன்பு என்று அழைக்க எவரும் துணியார். இதனினும் மேலாக, வரலாறு காட்டுவது யாதெனில், பூட்டு என்றுமே எல்லாருக்கும் பூட்டாக இருக்கவில்லை என்பதே. திறவுகோலை வாங்கப் பணமுள்ளவர் எக்காலமும் இருந்தனர்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. 'இருவரும் சம்மதிக்கின்றனர் என்கிறீர்களே, அச்சம்மதம் மெய்யானதா? வருமானம் முழுவதும் கணவன் கையில். மனைவியோ இருபது ஆண்டுகள் அடுப்படியிலும் தொட்டிலடியிலும் உழைத்தவள். அவள் இடும் ஒப்பம் சம்மதமா, சரணாகதியா?' இதற்கு விடை காணாமல் மலிவான விவாகரத்தை வாழ்த்துவது பொறுப்பற்ற செயலாகும்.

இவ்வுண்மையை முற்போக்காளர் தம் வரலாற்றிலிருந்தே கற்கலாம். 1917 டிசம்பரில் சோவியத் அரசு, இருவரும் இணங்கின் பதிவகத்திலேயே விவாகத்தை நீக்கிக்கொள்ள வழிசெய்தது. திருச்சபையின் பிடியிலிருந்து பெண்ணை விடுவித்த அச்செயல் அன்றைய உலகில் ஈடற்றது. 1926ஆம் ஆண்டுக் கோவையின்படி ஒருவர் மட்டும் கேட்டாலும் போதும். மற்றவருக்கு அஞ்சல் வழியே அறிவித்தல் வரும். ஆனால் வேலையின்மை பெண்களை முதலில் தாக்கிய காலம் அது. குழந்தைக் காப்பகங்கள் போதவில்லை. பராமரிப்புப் பணம் கொடுக்குமாறு விதித்த கட்டளைகள் பல ஏட்டளவில் நின்றன. சட்டம் தந்த சுதந்திரத்தை ஆண் அனுபவித்தான். அதன் செலவைப் பெண் செலுத்தினாள். பின்பு 1936இல் அரசு எதிர்த்திசையில் திரும்பி, முதல் விவாகரத்துக்கு 50 ரூபிள், இரண்டாவதற்கு 150, மூன்றாவதற்கு 300 எனக் கட்டணத்தை உயர்த்தியது. காப்பகமும் கூலியும் கேட்ட பெண்ணுக்குக் கட்டண உயர்வு எவ்வகையில் விடையாகும்? நோய் ஒன்று, மருந்து வேறொன்று. இதனை மறைப்பதால் முற்போக்குச் சிந்தனைக்கு ஆவது ஒன்றுமில்லை.

இங்கிலாந்தின் இன்றைய முறையிலும் இப்பள்ளம் உண்டு. விவாகரத்துக் கட்டளை விவாகத்தை மட்டுமே முடிக்கின்றது. பொருளுரிமைகளை அது தானாக முடிப்பதில்லை. வீடு, சேமிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றைப்பற்றி இருவரும் இணங்கியதை எழுதி, நீதிபதியின் அங்கீகாரத்தோடு தனிக் கட்டளையாகப் பெறாவிட்டால், கோரிக்கை பல்லாண்டுகளின் பின்னும் எழலாம். 1992இல் விவாகரத்துப் பெற்ற ஒரு தம்பதியரின் வழக்கில், வறுமையிலே பிள்ளைகளை வளர்த்த மனைவி 2011இல் தொடுத்த பொருட்கோரிக்கையை, காலம் கடந்துவிட்டது என்பதற்காகவே தள்ளிவிட முடியாது என 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியத்தைப் பங்கிடுவதோ நீதிமன்றக் கட்டளையின்றி நிகழாது. அது கணவனின் பெயரில் மட்டும் இருக்குமாயின், 'நமக்குள் எதற்கு வழக்கறிஞர்?' என்ற இனிய சொல்லுக்குள் அவளது முதுமைக்காலச் சோறு மறைந்துபோகலாம்.

ஆகவே வழக்கறிஞர் இன்றிப் பிரிதல் என்பதில் இருவகை உண்டென்பதைத் தெளிதல் வேண்டும். வருமானத்திலும் அறிவிலும் ஒத்த இருவர், மறைப்பின்றிக் கணக்கு வைத்து, தமக்குத் தேவையில்லை என்று வழக்கறிஞரை விலக்குவது ஒன்று. தேவை இருந்தும் பணம் இன்மையால் அவரின்றி நிற்பது மற்றொன்று. முன்னது சுதந்திரம், பின்னது வறுமை. 2013 ஏப்பிரில் முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்ப வழக்குகளுக்கு, வீட்டு வன்முறைக்குச் சான்று காட்டுவோர் போன்ற சிலரைத் தவிர, இலவசச் சட்ட உதவி நிறுத்தப்பட்டது. 1949இல் தொழிற்கட்சி அரசு நிறுவிய உதவி அது. அரசு ஒரு கையால் மனுவை எளிதாக்கிற்று. மறுகையால் எளியவரின் துணையைப் பறித்தது. இரண்டையும் ஒரே 'சிக்கனம்' என்று அழைப்பது கண்கட்டு வித்தை.

இனி நம் தீவை நோக்குவோம். இங்கு ஒரே மண்ணில் பல விவாகச் சட்டங்கள் வழங்குவது நாமறிந்ததே. கண்டிச் சிங்களவரின் பழைய வழக்கில் இருவர் இணங்கிப் பிரிதல் இயல்பான செயல். 1859இல் பிரித்தானிய ஆட்சி அதனை மாற்றி, நீதிமன்றத்தையும் குற்றத்தையும் புகுத்தியது. மக்களோ புதிய சட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே 1870இல் சம்மதப் பிரிவு மீட்கப்பட்டது. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் பரஸ்பர சம்மதத்தைத் தனிக் காரணமாக ஏற்று, அதனைத் தீர்க்கும் அதிகாரத்தை மாவட்டப் பதிவாளருக்கு அளித்தது. இலண்டன் 2022இல் வந்தடைந்த இடத்துக்குக் கண்டிக் கிராமத்தவர் எப்போதோ வந்திருந்தனர். 'நாகரிகம் மேற்கிலிருந்து வருகின்றது' என்போர் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக.

தமிழராகிய நாம் அடங்குவது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்துள். உரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்த அது, மணத்தின்பின் பிறருறவு, வன்மத்தோடு கைவிடல், மணக்காலத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறை முதலியன என மூன்று குற்றங் குறைகளைக் காரணங்களாக வகுத்தது. சம்மதம் அவற்றுள் இல்லை. 1975இல் நீதி நிர்வாகச் சட்டத் திருத்தம் ஒன்றினால் 'முறிந்த விவாகம்' என்ற கருத்து நம்மிடமும் நுழைந்தது. 1977இல் பழைய சிவில் நடைமுறைக் கோவை மீண்டபோது அது மறைந்தது. ஆதலால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, இணங்கிப் பிரிய விரும்பிய தமிழ்த் தம்பதியரும் மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் வாதியாகவும் மற்றவர் எதிரியாகவும் நின்றனர். ஒருவர் 'வன்மத்தோடு கைவிட்டார்' என்று முறையிட, மற்றவர் மௌனம் சாதிப்பார். முன்னாளில் அப்புக்காத்தும் பிறக்கிராசியும், இந்நாளில் சட்டத்தரணியும் அந்த வாக்கியத்தை எழுதக் கூலி பெறுவர். பிறைற்றன் விடுதியின் தேநீர்த் தட்டு நமக்கு இல்லை. பொய் மட்டும் உண்டு.

வழக்கறிஞரை விலக்கினாலே நீதி வந்துவிடும் என்றும் நாம் மயங்குதல் கூடாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றத்திற் சட்டத்தரணிகளை அனுமதிக்கவில்லை, செலவு குறைந்தது. ஆனால் காதிப் பதவியை ஆண்களுக்கே ஒதுக்கிய அச்சட்டத்தின் கீழ், தமக்காகப் பேச எவருமின்றி நின்ற துன்பத்தை முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வந்துள்ளனர். யாழ்ப்பாணத்திலோ தேசவழமை சீதனத்தைப் பெண்ணின் உடைமை என்று கொண்டது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், அவள் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துச் சம்மதமின்றிப் பொதுவாகப் பராதீனப்படுத்த முடியாது என்றும் விதித்தது. தன் காணியையே தன்னிச்சையாய் விற்க முடியாதவள், பிரிவுப் பேச்சில் சமமாக அமர்வது எங்ஙனம்?

இவற்றாற் பெறப்படும் முடிபு ஒன்றே. சமுதாயம் பிரியும் இருவரின் நெஞ்சத்துள் நுழைந்து 'யார் குற்றவாளி?' என்று துருவுவதற்கு உரிமையற்றது. அக்கேள்விக்கு இதுகாறும் கிடைத்த விடைகளுட் பெரும்பகுதி, பணங்கொடுத்து வாங்கிய பொய்கள். ஆனால் சமுதாயம் கேட்டே தீரவேண்டிய கேள்விகள் மூன்று உள. இருவரும் அச்சமின்றி, தனித்தனியே, உண்மையாகச் சம்மதிக்கின்றனரா? பிள்ளைகளுக்குச் சோறும் கூரையும் பள்ளிப்படிப்பும் யார் கொடுப்பது? சேர்ந்து வாழ்ந்த காலத்தில் தேடிய பொருளிலே, கூலி பெறாத உழைப்புக்கு உரிய பங்கு யாது? இவற்றைக் கேட்பதற்குப் பதிவாளர் ஒருவரும், எளிய தமிழில் அச்சிட்ட படிவமும், வேண்டியவர்க்கு இலவச ஆலோசனை கூறும் சட்டத்தரணி ஒருவரும் போதும். செலவு அரசைச் சாரட்டும். விவாகத்தைப் பதிவு செய்யும் அரசுக்கு அதன் முடிவைப் பதிவு செய்யும் கடமையும் உண்டு.

நமது ஊர்களில் விவாகரத்துக் கேட்கும் பெண்ணை நோக்கி முதலில் எழுவது, 'அவன் என்ன செய்தான்?' என்ற கேள்வி. அவன் அடித்தான் என்றால் இரக்கம். குடித்தான் என்றால் அனுதாபம். 'ஒன்றும் செய்யவில்லை, எங்களால் ஒத்துவாழ முடியவில்லை, இருவரும் பேசி முடிவு செய்தோம்' என்றால் மட்டும் அவள்மீது ஐயம். சட்டம் செய்யும் அதே பிழையை நாமும் அன்றாடம் செய்கின்றோம். அவளது பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கின்றது. அதன் தாயும் தகப்பனும் பகைவர்கள் அல்லர் என்று அப்பிள்ளைக்குச் சொல்லக்கூடிய நிலையிலுள்ளவர் ஆசிரியர். நீதிமன்றத்தில் எழுதப்படும் வசைக்கு அஞ்சாமல் அதனைச் சொல்ல அவருக்கு இயலவேண்டும். சட்டத்தை நாம் மாற்றக் கோருவது அதற்காகவும்தான்.